அலுகார்ட் உட்காரும் நாற்காலி: ‘சிம்பொனி ஆஃப் த நைட்’ விளையாட்டில் எதற்கும் பயன்படாத ரகசியங்கள்

பொருநைக்கரையான்
வெள்ளி, இரவு 9:12

‘கேஸில்வேனியா: சிம்பொனி ஆஃப் த நைட்’ என்ற வீடியோ விளையாட்டில் எந்த வாள் வலியது, எந்தச் சுவருக்குப் பின்னால் என்ன ஒளிந்திருக்கிறது என்பதற்கெல்லாம் இணையத்தில் அட்டவணைகள் குவிந்து கிடக்கின்றன. அவற்றை இங்கே மீண்டும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன். 1997 மார்ச்சில் கொனாமி நிறுவனம் ஜப்பானில் வெளியிட்ட அந்த விளையாட்டை நான் 2000-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், வண்ணார்பேட்டையில் ஒரு நண்பனின் வீட்டு மாடியில், ஒரே மெமரி கார்டை மூன்று பேர் பங்கு போட்டுக்கொண்டு ஆடினேன். சென்ற மாதம் பழைய பெட்டியைத் தூசி தட்டி மறுபடி ஆடியபோது ஒன்றைக் கவனித்தேன். ‘பாஸ்’ எனப்படும் பெரிய எதிரிகளில் எவனை எப்படி வீழ்த்தினோம் என்பது அநேகமாக மறந்துவிட்டது. டிராகுலாவின் மகனான நாயகன் அலுகார்ட் நாற்காலியில் உட்காருவது மட்டும் நேற்றுப் பார்த்ததுபோல் நினைவில் இருந்தது.

டிராகுலாவின் கோட்டைக்குள் நாற்காலி தென்படும் இடங்களில் மேல்பொத்தானை அழுத்தினால் அவன் உட்கார்ந்துகொள்கிறான். அதனால் உயிர் கூடுவதில்லை, பொருள் எதுவும் கிடைப்பதில்லை. தந்தையை ஒழிக்க வந்த மகன், தந்தையின் வீட்டு நாற்காலியில் சற்று நேரம் அமர்ந்திருக்கிறான். நாம் எழுப்பும் வரை இசை மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரச வழிபாட்டுக் கூடத்தில் உள்ள பாவசங்கீர்த்தனக் கூண்டும் அப்படிப்பட்டதுதான். முட்டியிடுபவரின் இடத்தில் அமர்ந்தால் மறுபுறம் பாதிரியாரின் ஆவி வருகிறது; நல்ல ஆவியாக இருந்தால் திராட்சைச் சாறு கொடுத்துவிட்டுப் போகிறது, கெட்டதாக இருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து கத்திகள் பாய்கின்றன. பாதிரியாரின் இடத்தில் நாம் அமர்ந்தால் பாவத்தைச் சொல்ல வேறொரு ஆவி வருகிறது. இதைச் செய்யாமலேயே விளையாட்டை முழுவதும் முடித்துவிடலாம் என்பதுதான் எனக்கு வியப்பு.

நிலக்கடலையையும் சொல்லியாக வேண்டும். மற்ற உணவுகளைக் கீழே எறிந்து, மேலே நடந்து எடுத்துக்கொண்டால் உயிர் ஏறும். கடலையை மட்டும் அவன் மேலே தூக்கிப் போடுகிறான். விழும்போது சரியான நொடியில் வாயால் பிடிக்க வேண்டும். தவறினால் கடலை போய்விட்டது. ஜங்ஷன் பேருந்து நிலையத்தில் காத்திருக்கும் கல்லூரி மாணவன் செய்கிற வேலையை முந்நூறு வயது கடந்த இளவரசன் செய்வதைக் கண்டு நாங்கள் மூவரும் சண்டையை மறந்து கடலை மட்டும் தின்ற நாள் ஒன்று உண்டு.

உங்கள் நினைவில் தங்கியவற்றை எழுதுங்கள். பயன் உள்ளவை வேண்டாம்.


ஊசிக்கோபுரத்து நிழல்
வெள்ளி, இரவு 10:05

அண்ணாச்சி, பறவைக் கூட்டை விட்டுவிட்டீர்களே. வழிபாட்டுக் கூடத்தின் கோபுரப் பகுதியில், சாளரத்தருகே, பின்னணிச் சித்திரத்தின் ஒரு பகுதிபோல ஒரு கூடு இருக்கும். வேறு வேலையாக அந்த வழியே திரும்பத் திரும்பச் செல்பவருக்கு மட்டும் அது மாறுவது தெரியும். முட்டைகள் குஞ்சுகளாகி, வளர்ந்து, ஒரு நாள் கூடு வெறுமையாகிவிடும். நான் முதல்முறை ஆடியபோது வெறும் கூட்டைத்தான் பார்த்தேன், அதில் கதை ஒன்று நடந்து முடிந்திருந்தது என்பது இரண்டாம் முறைதான் விளங்கியது.

வெளிமதிலில் உள்ள தொலைநோக்கியும் அந்த வகை. அதில் கண்ணை வைத்தால் கீழே ஓடும் நீரில் படகோட்டி துடுப்புப் போட்டுக்கொண்டிருப்பது தெரிகிறது. பல மணி நேரம் கழித்து நிலத்தடிக் குகைகளுக்கு இறங்கி, மீன்மனிதன் சிலை கையில் இருந்தால், அதே படகோட்டி நம்மை ஏற்றிக்கொள்கிறான். உயரத்தில் நின்று தற்செயலாகப் பார்த்த மனிதன் பின்னால் நம் வழிக்கு வருகிறான் என்பதைக் கோட்டையைக் கட்டியவர்கள் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள்.

வௌவால் துணையைப் பற்றியும் ஒரு வரி. அது அலுகார்டோடு பறந்து வந்து சண்டையிடும் துணைகளில் ஒன்று. அலுகார்ட் தானே வௌவாலாக உருமாறினால் அந்தச் சிறு வௌவால் அவனைத் தன் இனம் என்று எண்ணி, தலைக்கு மேலே இதயக் குறிகளை விட்டுக்கொண்டு சுற்றிவரும். அவன் மறுபடி மனித உருவம் கொண்டதும் கேள்விக்குறி தோன்றும். அதன் ஏமாற்றத்தைப் பார்ப்பதற்காகவே நான் காரணமின்றிப் பலமுறை உருமாறியிருக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்தின் நிழலில் வளர்ந்தவள் என்பதால் கூர்முனை வளைவுகள் எனக்குச் சிறு வயதிலேயே பழக்கம். மெய்ஞ்ஞானபுரத்துத் தேவாலயத்தையும் பார்த்திருக்கிறேன். ஆயினும் இந்தக் கோட்டை அவற்றைப்போல் இல்லை. ஜப்பானியக் கலைஞர்கள் ஐரோப்பாவைக் கனவு கண்டு வரைந்தது இது. அயாமி கோஜிமா தீட்டிய அலுகார்டின் வெளுத்த முகமும், மிச்சிரு யமானே அமைத்த இசையும் சேர்ந்துதான் அந்த நாற்காலியில் உட்காரச் சொல்கின்றன என்று எனக்குத் தோன்றும்.


சிந்துபூந்துறைச் சிலந்தி
வெள்ளி, இரவு 11:30

பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். நான் இதைக் கைபேசியில்தான் ஆடினேன்; 2020-இல் வந்த பதிப்பு. கடலை, கூடு, வௌவாலின் காதல் எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் இவற்றை ரகசியம் என்று அழைப்பது பொருந்துமா? ரகசியம் என்றால் கண்டுபிடித்தவனுக்கும் கண்டுபிடிக்காதவனுக்கும் இடையே ஏதேனும் வேறுபாடு இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்தவனும் உட்காராதவனும் ஒரே இடத்தில்தான் போய் முடிகிறார்கள். நூலகரின் அறைக்குக் கீழே நின்று உயரத் தாவி அவர் நாற்காலியை அடியிலிருந்து முட்டினால், கிழவர் துள்ளி எழுகிறார், அரிய பொருள்கள் விழுகின்றன. அதை ரகசியம் என்று ஒப்புக்கொள்வேன். அதிலும் நாற்காலி இருக்கிறது, அண்ணாச்சிக்கு மகிழ்ச்சிதானே.


மேலரதவீதி
சனி, காலை 6:48

தம்பி சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் அது கடைக்காரனின் நியாயம். கிருஷ்ணாபுரம் கோயிலுக்குப் போயிருப்பாய். அங்கே வீரப்ப நாயக்கர் மண்டபத்துச் சிலைகளில் நகக்கண்ணும் கையில் ஓடும் நரம்பும் தெரிகின்றன. அவற்றைக் கவனித்தவருக்கும் கவனிக்காதவருக்கும் அர்ச்சகர் ஒரே துளசியைத்தான் கொடுப்பார். அதற்காகச் சிற்பி செய்தது வீண்வேலை என்று சொல்வாயா?

நான் சேர்க்க விரும்புவது உணவைப் பற்றி. கதை நடப்பது 1797-இல். இடம் டிராகுலாவின் கோட்டை. அங்கே அரக்கர்களை வெட்டினால் விழும் உணவுகளில் ராமென், சுஷி, மிசோ சூப், நாட்டோ, பார்லித் தேநீர் எல்லாம் இருக்கின்றன. வெந்நீர்கூடக் கிடைக்காத அந்தக் குளிர்ந்த மாளிகையில் ஜப்பானியர் வீட்டுச் சமையலறை முழுவதையும் கொண்டு வைத்திருக்கிறார்கள், சொதியும் இஞ்சித் துவையலும்தான் இல்லை. இவற்றோடு, சுவரை உடைத்தால் உள்ளே வறுத்த இறைச்சி இருக்கும் இந்தத் தொடரின் பழைய வழக்கத்தையும் விடவில்லை. சுவருக்குள் எவர் வைத்தார், எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது என்றெல்லாம் அலுகார்ட் கேட்பதில்லை, எடுத்து உண்டுவிடுகிறான்.

இன்னொன்று. நாற்காலியில் அவனை உட்கார வைத்துவிட்டு நான் காபி போடச் சென்றிருந்தபோது, துணையாக வரும் சிறு தேவதை அவன் தோளில் அமர்ந்து பாட்டுப் பாடியது. இதை இங்கே எவரும் குறிப்பிடவில்லையே, ஏன்?


கல்லிடைக் கணக்கன்
சனி, காலை 8:15

அண்ணாச்சி, பாடவில்லை. நான் தேவதையை வைத்துக்கொண்டு பல மணி நேரம் உட்கார்ந்து பார்த்தவன். தோளில் வந்து அமரும், பாட்டு வராது. தொலைக்காட்சியில் வேறு ஏதாவது ஓடியிருக்கும்.


ஊசிக்கோபுரத்து நிழல்
சனி, காலை 9:02

இருவர் சொல்வதும் சரி. ஜப்பானியப் பதிப்பில் தேவதைத் துணை பாடும். அமெரிக்காவில் 1997 அக்டோபரில் வெளியான பிளேஸ்டேஷன் பதிப்பில் அந்தப் பாட்டு இல்லை. ஜப்பானியப் பதிப்பில் இருந்த இரண்டு துணைகளையே அமெரிக்கப் பதிப்பில் நீக்கிவிட்டார்கள். ஒன்று அரைத் தேவதை, மற்றொன்று மூக்குப் பேய். மேலரதவீதி அண்ணாச்சியிடம் ஒரு கேள்வி: நீங்கள் ஆடிய விளையாட்டில் எழுத்துகள் உங்களுக்குப் புரிந்தனவா?


மேலரதவீதி
சனி, காலை 9:40

ஒரு எழுத்துகூடப் புரியவில்லை தாயி. வட்டு பழுது என்றுதான் இருபது ஆண்டுகளாக எண்ணிக்கொண்டிருந்தேன். கடைக்காரரிடம் கேட்டதற்கு, ‘ஆடுவதற்கு எழுத்து எதற்கு’ என்றார். அப்படியானால் நான் ஆடியது ஜப்பானியம். கதை தெரியாமல், எந்தப் பொருள் எதற்கு என்று தெரியாமல், ஒவ்வொன்றையும் அணிந்து பார்த்துத்தான் கோட்டை முழுவதையும் சுற்றினேன். மற்றவர்கள் படித்துத் தெரிந்துகொண்டதை நான் தடவித் தெரிந்துகொண்டேன், அதற்கு ஈடாக ஒரு பாட்டு கிடைத்தது.


கல்லிடைக் கணக்கன்
சனி, காலை 11:20

என் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன்.

எண்களைப் பற்றி நான் எழுதாவிட்டால் என் பெயருக்கு இழுக்கு. விளையாட்டின் தொடக்கமே ஒரு மறைமுகத் தேர்வு என்பது பலருக்குத் தெரியாது. முதலில் நாம் ஆடுவது அலுகார்டாக இல்லை. 1792-இல் டிராகுலாவோடு மோதும் ரிக்டர் பெல்மான்ட்டாக. அது ‘ரோண்டோ ஆஃப் ப்ளட்’ என்ற 1993-ஆம் ஆண்டு விளையாட்டின் இறுதிச் சண்டை. அதில் நாம் எவ்வளவு விரைவாக, எவ்வளவு அடி வாங்காமல், எதைச் செலவழித்து வென்றோம் என்பதை விளையாட்டு ஓசையின்றிக் கணக்கெடுத்து, பின்னர் வரும் அலுகார்டின் தொடக்க வலிமையில் ஏற்றியோ இறக்கியோ வைக்கிறது. தோற்றுவிடுவோம் என்று அஞ்சவும் வேண்டாம்: ரிக்டரின் உயிர் தீரும் நிலையில் சிறுமி மரியா வந்து அவனை அடிபடாதவனாக ஆக்கிவிடுகிறாள். நன்றாக ஆடுபவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்தே இருக்கமாட்டார்கள். தோற்றவனுக்கு மட்டும் காட்டப்படும் ரகசியம் இது, எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பளிங்குக் கூடத்தின் நடுவே உள்ள கடிகார அறையில் இரண்டு சிலைகள் வழியை மறைத்து நிற்கும். ஒன்று, ஆடும் நேரத்தின் நிமிடக் கணக்கைப் பொறுத்துத் தானே விலகும். மற்றொன்று, காலத்தை நிறுத்தும் கடிகாரத்தை அந்த அறையில் பயன்படுத்தினால்தான் விலகும். நானும் என் தங்கையும் முதல் சிலைக்கு முன்னால் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

வரைபடத்தின் நிறைவு 200.6 விழுக்காடு. நூறு இல்லை.


சிந்துபூந்துறைச் சிலந்தி
சனி, மாலை 4:10

இருநூறா? எழுத்துப் பிழை என்று எண்ணுகிறேன். நான் அரியணை அறைக்குச் சென்றேன், ரிக்டர் அங்கே அமர்ந்திருந்தான், இந்தக் கோட்டைக்குத் தானே தலைவன் என்றான், சண்டையிட்டு வென்றேன், பெயர்ப்பட்டியல் ஓடியது. மூன்று மாதங்களுக்கு முன்பே முடித்துவிட்டேன். வரைபடத்தில் விடுபட்டது மிகச் சிறிதளவுதான். இருநூறு எங்கிருந்து வருகிறது?


பொருநைக்கரையான்
சனி, மாலை 4:25

நண்பர்கள் அனைவரையும் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: எவரும் விடையை எழுத வேண்டாம்.

தம்பி, கோபப்படாதே. உன் கைபேசியில் அந்தச் சேமிப்பு இன்னும் இருந்தால் அதைத் திற. கோட்டையில் இரண்டு மோதிரங்கள் உண்டு, ஒன்று பொன், ஒன்று வெள்ளி. ஒன்றைக் காக்கும் அரக்கி உன் தாயின் உருவில் கனவில் வருவாள். மற்றொன்று முட்கள் நிறைந்த வழிக்கு அப்பால் இருக்கிறது. அந்த முட்களை நொறுக்கும் கவசம் இருட்டறை ஒன்றில் கிடக்கிறது, அங்கே வௌவாலின் எதிரொலி இல்லாமல் கண் தெரியாது. இரண்டும் கைக்கு வந்தபின் அவற்றின் விளக்கங்களைத் தனித்தனியே படிக்காமல் சேர்த்துப் படி. அதற்கு மேல் நான் சொல்லமாட்டேன்.


மேலரதவீதி
சனி, இரவு 7:30

தம்பி போய்விட்டான் என்று எண்ணுகிறேன், அதனால் என் மனக்குறையை எழுதுகிறேன். ஒரு விளையாட்டின் சரிபாதியை மறைத்து வைத்துவிட்டு, மறைத்ததற்கு அடையாளமே இல்லாமல் பெயர்ப்பட்டியலை ஓட்டுவது முறைதானா? என் தெருவில் அந்நாளில் ஐந்து பேர் இதை ஆடினார்கள். நால்வர் அரியணை அறையோடு முடித்துக்கொண்டு வட்டைக் கடையில் கொடுத்து வேறு வட்டு மாற்றிக்கொண்டார்கள். எழுத்துப் புரியாத நான் எல்லாவற்றையும் அணிந்து அணிந்து பார்த்ததால் மட்டுமே கடிகார அறை எனக்குத் திறந்தது. அந்த நால்வருக்கும் இன்றுவரை தெரியாது. ஒருவர் இறந்தும் போனார். நாற்காலியும் கடலையும் தெரியாமல் போனால் நட்டமில்லை. இது அப்படிப்பட்டதா?


கல்லிடைக் கணக்கன்
சனி, இரவு 8:05

அடையாளமே இல்லை என்று சொல்ல இயலாது அண்ணாச்சி. ரிக்டர் பெல்மான்ட் டிராகுலாவின் பக்கம் சேர்ந்துவிட்டான் என்று கதை சொல்லும்போதே நமக்கு உறுத்த வேண்டும். பெல்மான்ட் குலத்தின் தொழிலே டிராகுலாவை ஒழிப்பதுதான். அவனைக் கொன்றால் வரும் முடிவில் மகிழ்ச்சியும் இல்லை, மரியா எதையும் கொண்டாடவும் இல்லை. கையில் பொருளற்ற இரண்டு மோதிரங்கள் வேறு. ‘இன்னும் ஏதோ இருக்கிறது’ என்ற அரிப்பு ஆடுபவருக்கு வரும் என்று நம்பித்தான் விட்டிருக்கிறார்கள். ஆனால் மொழி புரிந்தால்தான் அந்த அரிப்பு வரும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்த காலத்தில் எனக்கும் மோதிரத்தின் சொற்கள் இரண்டு தனித்தனி உளறல்களாகத்தான் பட்டன.


சிந்துபூந்துறைச் சிலந்தி
ஞாயிறு, இரவு 1:50

உறங்க முடியவில்லை, எழுதிவிடுகிறேன்.

இரண்டு மோதிரங்களையும் அணிந்து கடிகார அறையில் நின்றேன். தரை திறந்தது. கீழே மரியா நின்றுகொண்டு ஒரு கண்ணாடியைக் கொடுத்தாள். அதை அணிந்து மறுபடியும் அரியணை அறைக்குப் போனபோது ரிக்டரின் தலைக்கு மேலே பச்சை உருண்டை ஒன்று சுழன்றுகொண்டிருந்தது. மூன்று மாதங்களுக்கு முன்பு அதே அறையில் அதே இடத்தில் அது இருந்திருக்கிறது, என் கண்ணுக்குத்தான் தெரியவில்லை. மனிதனை விட்டுவிட்டு உருண்டையை அடித்தேன். வானத்திலிருந்து இன்னொரு கோட்டை தலைகீழாக இறங்கி வந்தது.

நேற்று இதே இழையில், கண்டுபிடித்தவனுக்கு வேறுபாடு இருக்க வேண்டும் என்று எழுதினேன். இப்போது சேமித்துவிட்டு முதலில் என்ன செய்தேன் தெரியுமா? பழைய கோட்டைக்குத் திரும்பி அந்தப் பறவைக் கூட்டைத் தேடிச் சென்றேன். என்னுடையதிலும் வெறுங்கூடுதான். அக்காவைப்போல நானும் பார்க்காமலேயே பலமுறை கடந்து போயிருக்கிறேன்.


ஊசிக்கோபுரத்து நிழல்
ஞாயிறு, காலை 7:15

வாழ்த்துகள் தம்பி. இனித் தயக்கமின்றிப் பேசலாம்.

தலைகீழ்க் கோட்டையைப் பலர் சிக்கனம் என்று குறைத்துப் பேசுவார்கள்; பழைய வரைபடத்தை 180 பாகை சுழற்றி எதிரிகளை மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான் என்பார்கள். அது உண்மைதான், ஆனால் அப்படிச் சுழற்றினால் தாங்கக்கூடிய கோட்டையை முதலில் கட்டியிருக்க வேண்டும் அல்லவா? முதல் பாதியில் நாம் அண்ணாந்து பார்க்காமல் கடந்த ஒவ்வொரு விதானமும் இரண்டாம் பாதியில் தரையாகிறது. வளைவுகளின் உட்குழிவுகள் பள்ளங்களாகின்றன. படிக்கட்டுகள் தலைக்கு மேலே ஏறிச் செல்கின்றன. உயரத் தாவுதலும் வௌவால் உருவமும் கைவந்த பிறகே நாம் அங்கே வருகிறோம் என்பதைக் கணக்கிட்டு, எட்டாத விதானமாக இருந்ததை எட்டக்கூடிய தரையாக அமைத்திருக்கிறார்கள். வீட்டைக் கட்டும் கொத்தனாரிடம், கூரையிலும் ஆட்கள் நடமாட வேண்டும், ஆனால் வீட்டில் குடியிருப்பவருக்கு அது தெரியக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள்.

குறையும் சொல்ல வேண்டும். தலைகீழ்க் கோட்டையின் பல பகுதிகளில் ஒரே இசைதான் மீண்டும் மீண்டும் வருகிறது. முதல் கோட்டையில் ஒவ்வொரு மாளிகைக்கும் தனி இசை கொடுத்த யமானேவுக்கு அங்கே நேரம் கொடுக்கப்படவில்லையோ என்று தோன்றும்.

நுணுக்கங்கள் அங்கேயும் குறையவில்லை. தலைகீழ் நூலகத்தில் சிங்கம், சோளக்கொல்லைப் பொம்மை, தகர மனிதன் என்ற மூவரும் வருகிறார்கள். ஓஸ் மந்திரவாதி கதையைச் சிறுவயதில் கேட்டவர்களுக்கு அவர்கள் யார் என்று தெரியும். நூலகத்தில் கதைமாந்தர் வெளியே நடமாடுவது பொருத்தம்தானே. இந்த விளையாட்டில் யோரிக் என்ற எலும்புக்கூடு ஒன்றும் உண்டு. அது நம்மைத் தாக்க வருவதில்லை, தன் தலையோட்டைத் தானே உதைத்துவிட்டுப் பிறகு அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறது. ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் கையில் எடுக்கும் மண்டையோட்டின் பெயர் அது. மிதக்கும் கல்லறைகளில் திரையை அடைத்துக்கொண்டு நிற்கும் கலமாத், டிராகுலாவைச் சிறுவனாக்கி கொனாமி 1990-இல் வெளியிட்ட வேடிக்கை விளையாட்டிலிருந்து வந்தவன்.

பொருநைக்கரையான் அண்ணாச்சிக்கு ஒரு செய்தி: அங்கே நாற்காலிகள் எல்லாம் மேலே தொங்குகின்றன. அலுகார்டால் உட்கார இயலாது.


கல்லிடைக் கணக்கன்
ஞாயிறு, காலை 10:30

கலமாத்துக்கு உயிர் 12,000. சிலந்தித் தம்பி பயனுள்ள ரகசியம் கேட்டாரே, இதோ ஒன்று: அவன் வீசுவது மின்னல், பெரில் சர்க்லெட் என்ற தலையணியை அணிந்து நின்றால் அடி விழ விழ உயிர் ஏறும். அண்ணாச்சியின் விதியை மீறிவிட்டேன், பொறுத்தருள்க.

என் உண்மையான பங்களிப்பு வேறு. கோட்டைக்குள் நுழைந்த சற்று நேரத்தில் மரணதேவன் எதிரே வந்து அலுகார்டின் வாள், கேடயம், கவசம் அனைத்தையும் பறித்துக்கொள்வான் அல்லவா? அவற்றின் பெயர்களோடு அலுகார்ட் என்பதும் ஒட்டியிருக்கும். பின்னால் வேறொரு வாள், கேடயம், கவசம் கிடைக்கும். பெயர் ஏறத்தாழ அதே பெயர். ஆவலோடு அணிந்தால் வலிமை ஏறவில்லை. உற்றுப் பார்த்தால் ஆங்கில எழுத்தில் கடைசி ‘டி’ இருக்க வேண்டிய இடத்தில் வேறு ‘டி’ இருக்கிறது. அதாவது போலிச் சரக்கு, பேருந்து நிலையத்து நடைபாதையில் ஓரெழுத்து மாற்றி விற்கும் கைக்கடிகாரம் மாதிரி. ஆனால் மூன்றையும் ஒருசேர அணிந்தால் அதிர்ஷ்டம் மட்டும் கூடுகிறது.

இதைத் தமிழில் விளக்க முயன்று தோற்றுவிட்டேன். அசலும் அலுகார்ட், போலியும் அலுகார்ட். நம் டகர ஒற்று இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. தமிழனிடம் இந்தப் போலியை விற்றிருந்தால் கண்டுபிடித்திருக்கவே மாட்டான்.


மேலரதவீதி
ஞாயிறு, பகல் 12:10

பெயரைத் திருப்பிப் படித்தால் டிராகுலா என்று வரும் என்ற செய்தியும் அப்படித்தான். தமிழில் டிராகுலாவைத் திருப்பினால் ‘லாகுராடி’ என்று வருகிறது. கூத்தில் வரும் கோமாளியின் பெயர்போல் இருக்கிறது. ஜப்பானியத்தில் எழுதினாலும் திருப்பம் பொருந்தாது என்று என் மகன் சொல்கிறான். ஆக, ரோமன் எழுத்தில் மட்டும் உயிர்வாழும் ரகசியம் அது. நான் ஆடிய பதிப்பில் கதாநாயகன் யார் மகன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது. தலைகீழ்க் கோட்டையின் முடிவில் டிராகுலா சாகும்போது இருவரும் நீண்ட நேரம் ஏதோ பேசினார்கள். சண்டை முடிந்த பிறகு எதிரியிடம் இவ்வளவு மென்மையாகப் பேசுகிறானே என்று அன்று எண்ணினேன்.


ஊசிக்கோபுரத்து நிழல்
ஞாயிறு, மாலை 5:45

அவன் தாய் லிசாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள், அண்ணாச்சி. அவள் இறுதியாக என்ன சொன்னாள் என்று டிராகுலா கேட்கிறான்.

இந்த இழைக்குப் பொருந்தும் ஒன்றைக் கடைசியில் நினைவுகூர்கிறேன். விளையாட்டைத் தொடங்காமலேயே கேட்கக்கூடிய ரகசியம் அது. வட்டைப் பிளேஸ்டேஷனில் போடாமல், பாட்டுக் கேட்கும் சாதாரண சி.டி. பிளேயரில் போட்டு இரண்டாம் தடத்தை ஓடவிட்டால் அலுகார்டின் குரல் வரும். இது பிளேஸ்டேஷனின் கறுப்பு வட்டு, முதல் தடத்தில் கணினித் தரவு இருக்கிறது, தயவுசெய்து அதை ஓட்டாதீர்கள் என்று எச்சரித்துவிட்டு, எப்படியும் நான் சொல்வதைக் கேட்கமாட்டீர்கள் அல்லவா என்று சலித்துக்கொள்வான். அதன்பின் இசை தொடங்கும். அண்ணாச்சி, உங்கள் வட்டு இன்னும் இருக்கிறதா? வீட்டில் சி.டி. பிளேயர் இருப்பவர் இங்கே எவரேனும் உண்டா?


பொருநைக்கரையான்
திங்கள், இரவு 10:20

வட்டு இருக்கிறது. பிளேயர் இல்லை, தங்கை கணவரின் பழைய காரில்தான் இருந்தது. அவரிடம் காரணத்தை விளக்க முயன்று, முடியாமல், பாட்டுக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொல்லி வாங்கிக்கொண்டேன். தாமிரபரணிப் பாலத்தை அடுத்து ஓரமாக நிறுத்தி வட்டை உள்ளே தள்ளினேன். முதல் தடத்தில் ஓசை வருவதற்குள் இரண்டுக்கு மாற்றிவிட்டேன். அந்த ஒரு முறையேனும் அவன் சொல்லைக் கேட்டுவிடுவோம் என்று.

குரல் வந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக என் அலமாரியில் இருந்த வட்டில், நான் ஒருமுறைகூடக் கேட்டிராத அவன் குரல், ‘நீங்களே பார்ப்பதுபோல், இது பிளேஸ்டேஷனின் கறுப்பு வட்டு’ என்று சொன்னது.

வட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அந்நாளில் நூற்றைம்பது ரூபாய்க்கு வாங்கிய நகல் அது. அடிப்புறம் வெள்ளிபோல் பளபளத்தது.